ஒரு போன், ஒரு வண்டி

செங்கொடிக்கு அந்த யார்டில் என்ன வேலை என்று கேட்டால், அங்கே இருக்கும் நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். "கம்ப்யூட்டர்ல இன்னாவோ தட்டிகினு கீது" என்பார் கேட்டில் உட்காரும் குமாரவேல். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவளைக் கூப்பிடுவார்கள். வைஃபை போனால் அவளைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டியதற்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் போய்ப் பார்த்தாள், அதைத்தான் சொல்ல வேண்டும்! கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்துவிட்டு வந்தாள்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் இடம் அது. பெட்டியை ஏற்றவும் இறக்கவும் டிரெய்லர் லாரிகள் வெளியே சாலையோரம் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அந்த யார்டுக்கான மென்பொருள் அத்தனையையும் எழுதுவதும், ஓட்டுவதும், நின்று போனால் எழுப்புவதும் செங்கொடி ஒருத்திதான். மாடியில் அவளுக்கு ஒரு தனி அறை. தனி அறை என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். சர்வர் இரைச்சலில் வேறு யாரும் உட்கார மாட்டேன் என்றதால் கிடைத்த அறை.

வயது முப்பத்தேழு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடி. ரயில்வேயில் இருந்த அப்பா யூனியன்காரர். பெண்ணுக்குச் செங்கொடி, பையனுக்கு அறிவு என்று பெயர் வைத்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கூட்டங்களுக்குக் கொடுத்தவர். அவர் போய் வெகுகாலம் ஆகிறது, அம்மா போய் மூன்று வருடம். அண்ணன் குடும்பத்தோடு ஆவடிக்குப் போய்விட்டான். ஞாயிறு தோறும் போன் செய்து "துன்ட்டியா?" என்பான். இவள் "துன்ட்டேன்" என்பாள். அதற்கு மேல் பேச இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது. போனை வைத்த பிறகு அந்த வாரத்தில் அவள் சொந்த விஷயமாக வாய் திறந்தது அவ்வளவுதான் என்று சில சமயம் கணக்காகத் தோன்றும்.

சரி, கதைக்கு வருவோம். போன வருடம் மேனேஜர் வேதமாணிக்கம் அவளைக் கூப்பிட்டு, "இனிமே கேட் டோக்கன் எல்லாம் போன்லயே வரணும் செங்கொடி. நோட்டுப் புத்தகம் வேணாம். மூணு மாசத்துல முடியுமா?" என்று கேட்டார். அதுவரை குமாரவேல்தான் லாரியின் பேப்பரைப் பார்த்து, நோட்டில் எழுதி, அட்டையில் நம்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். செங்கொடி முடியும் என்றாள். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

இதை எதன் மேல் கட்டுவது என்பதுதான் முதல் பிரச்சினை. வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் வெறுந்தரையிலிருந்து எழுத மாட்டார்கள். லாகின், டேட்டாபேஸ், படிவம் என்று எல்லோருக்கும் தேவையானதை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் கட்டுமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் மேல் தங்கள் வேலையைச் செய்வார்கள். அதற்குத்தான் ஃபிரேம்வொர்க் என்று பெயர். ஊரில் அது ஒன்றா இரண்டா? இணையத்தில் இதற்கென்றே இருக்கும் குழு ஒன்றில் அவள் கேள்வி கேட்டாள். நாற்பது வரி எழுதிக் கேட்டவளுக்கு ஒரு பையன் ஒரே வார்த்தையில், அந்த வருடம் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த புதுசு ஒன்றின் பெயரைப் பதிலாகப் போட்டான். இன்னொருவன், "உங்க டீம்ல எத்தனை பேர்?" என்று கேட்டான். "நான் மட்டும்தான்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளும் விடவில்லை. மூன்று சனி, ஞாயிறு உட்கார்ந்து, ஒரே டோக்கன் பக்கத்தை மூன்று விதமான ஃபிரேம்வொர்க்கில் எழுதிப் பார்த்தாள். முதலாவதில் ஒவ்வொரு சின்னச் சாமானையும் தனித்தனியாகத் தேடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது வேகமாக ஓடியது, பார்க்கவும் அழகு, ஆனால் அது அடிக்கடி மாறிக்கொண்டே இருந்ததால், போன வருடம் யாரோ இணையத்தில் எழுதிய விடை இந்த வருடம் செல்லவில்லை. மூன்றாவது ஜாங்கோ. பழசு. கூட வேலை செய்ய ஆள் இருந்திருந்தால் அவர்கள் மூக்கைச் சுளித்திருப்பார்கள். ஆனால் அதற்கு நீளமான ஒரு கையேடு இருந்தது. எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் அந்தக் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் இருந்தது, பொறுமையாக, எதையும் மிச்சம் வைக்காமல் எழுதிய பக்கம். ஞாயிறு மத்தியானம் தயிர்சாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது, யாரோ எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வதுபோல அவளுக்கு இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாள். வேதமாணிக்கத்திடம் கொடுத்த அறிக்கையில் பாதுகாப்பு, நிலைத்தன்மை, பராமரிப்பு என்று நாலு பக்கம் எழுதினாள். அத்தனையும் உண்மைதான். ஆனால் பேச்சுத்துணையாக இருந்தது என்று அறிக்கையில் எழுத முடியுமா?

எழுதி முடித்தாள். சோதனை செய்தாள். அங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. சிக்னல் கிடைக்காத இடத்தில் நிற்கும் டிரைவர் பட்டனை இரண்டு, மூன்று தடவை அமுக்கினால் ஒரே வண்டிக்கு மூன்று டோக்கன் விழுந்தது. அதைத் தடுக்க ஒரு விதி எழுதினாள்: ஒரு போனுக்கு ஒரு டோக்கன்தான் உயிரோடு இருக்கும், அதே போனிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தால் பழையது தானாக ரத்து. ஒருத்தருக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு வண்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ரத்தானதைச் சொல்லும் செய்திகூட வைக்கவில்லை. அலுவலகத்தில் ஐந்து பேரை அவரவர் போனில் முயற்சி செய்யச் சொன்னாள், ஐந்தும் சரியாக வந்தது.

தினமும் பஸ் ஜன்னல் வழியாக அந்த லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டேதான் வருவாள். இறங்கி அதற்குள் நடந்தது ஒரு நாள்கூட இல்லை. நடந்திருந்தால் தெரிந்திருக்கும், எந்த டிரைவரும் தன் டோக்கனைத் தானே போய் வாங்கியதில்லை என்று. காலையில் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் பதினைந்து, இருபது வண்டிகளின் பேப்பரை ஒருவன் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போவான். மற்றவர்கள் தூங்குவார்கள், டயர் நிழலில் அடுப்பு மூட்டி எல்லோருக்குமாகச் சோறு வடிப்பார்கள். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பேப்பர் கொண்டு போகிறவன் தன் வண்டியை, அது எங்கே நின்றாலும், கடைசியில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்தவர் வரதன். திருவொற்றியூர்க்காரர், ஐம்பதை நெருங்கிய ஆள்.

ஞாயிற்றுக்கிழமை, கேட் மூடியிருந்த பகலில் செங்கொடி தனியாக வந்து புதியதை உண்மையான சர்வரில் ஏற்றினாள். பழைய தகவலுக்கு நகல் எடுத்தாள், ஒவ்வொரு படியாகக் கையேட்டைப் பார்த்துச் செய்தாள். எல்லாம் ஒழுங்காக எழுந்து ஓடியபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டினாள். தட்டிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வேறு திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டிடத்தில் வாட்ச்மேனைத் தவிர ஈ, காக்கை இல்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கேட்டில் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தாள். கேட் திரை முதல் வண்டியாக வரதனின் டிரெய்லரைக் கூப்பிட்டிருந்தது. அவருக்கு முன்னால் போயிருக்க வேண்டிய பதினாறு பேர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வரதன் தன் கையால் நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டுகள். கேட்டில் அந்த நம்பரைப் போட்டால் 'செல்லாது' என்று வந்தது, பதினாறும்.

"டூப்பு நம்பர எய்தி எங்க கைல குட்த்துட்டு, உன் வண்டிய மட்டும் உள்ள உட்றியா?" ராயபுரத்து தௌசீஃப்தான் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். வரதனுக்கு நெருங்கிய கூட்டாளி, தினம் ஒரே பானையில் தின்கிறவன்.

"என் புள்ள மேல சத்தியமா மாமு, எல்லாருக்கும் ஒயுங்காதான் போட்டேன். கேட் போர்டுல ஒட்டிகீற கியூஆர் கோட போன்ல புடிச்சி, ஒவ்வொரு வண்டியா அட்ச்சேன். என்துதான் கட்சீல போட்டேன்."

"கட்சீல போட்டவன் எப்டிடா மொதல்ல போற?"

யாரோ வரதனின் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். திரையில் ஒரே ஒரு டோக்கன், அவருடைய வண்டி நம்பருக்கு. வேறு என்ன சாட்சி வேண்டும்? ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். "பதினோரு வர்சமா இத்தத்தான் பண்ணிகினு இருந்தியா? பேமானி!" என்றான் இன்னொருவன். வரதன் அடிக்கவும் இல்லை, திருப்பித் திட்டவும் இல்லை. கைக்குத் திரும்ப வந்த போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கொடி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். ஓடிப்போய் லாகைத் திறந்தாள். லாக் என்பது சர்வர் தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் குறிப்பு. ஏழு பன்னிரண்டுக்கு ஒரே போனிலிருந்து முதல் வண்டி. ஏழு பதினான்குக்கு இரண்டாவது வண்டி, முதலாவது ரத்து. ஏழு பதினேழுக்கு மூன்றாவது வண்டி, இரண்டாவது ரத்து. அப்படியே பதினேழு வண்டி. வரிசையில் பின்னால் நின்ற மற்றக் கூட்டங்கள் இன்னும் டோக்கன் எடுக்கவே ஆரம்பிக்கவில்லை. ஏழு ஐம்பத்தொன்றுக்குக் கடைசியாக வரதனின் வண்டி. அதற்குப் பிறகு அந்தப் போனில் யாரும் ஒன்றும் எடுக்கவில்லை, அதனால் அது ஒன்றுதான் பிழைத்தது. அந்த மனுஷன் நாற்பது நிமிடம் வெயிலில் நின்று, தன்னைக் கடைசியில் வைத்து, எல்லோருக்கும் நேர்மையாகச் செய்திருக்கிறார். அதற்குச் சாட்சி உலகத்திலேயே இந்த ஒரு திரையில்தான் இருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வேலையை விட்டுவிட்டு இன்னொருத்தருக்காக ஒருவர் போய் நிற்பார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லையே! எப்படித் தோன்றும்? ரேஷன் கடையிலும், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கின காலத்திலும், கேஸ் சிலிண்டருக்கும் அவளுக்காக யார் நின்றார்கள்? தன்னைப் போலத்தான் எல்லோரும் இருப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வேதமாணிக்கம் அறையில் குமாரவேலும் இருந்தார். செங்கொடி விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"இதைக் கீழ போய் சொல்லாத. டிரைவருங்க அவங்களுக்குள்ள அடிச்சுக்கிறாங்க, ஒரு நாள்ல சரியாயிடும். முதல் நாளே நம்ம சிஸ்டம் தப்புன்னு வெளிய போனா மேல இருக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"அந்த ஆள அடிக்கிறாங்க சார்."

"சரி, அந்த ஜாங்கோவோ என்னமோ ஒண்ணு பிடிச்சு வச்சியே, அதுல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாமா? உன் பேரும் வராது."

சொல்லியிருக்கலாம்தான். அந்தக் கட்டிடத்தில் அது பொய் என்று தெரிந்து மறுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது. "அதுல கோளாறு இல்ல சார். நான் சொன்னதைத்தான் அது செஞ்சுது" என்றாள் செங்கொடி. பிறகு குமாரவேலைப் பார்த்து, "அண்ணா, ஒருத்தரே எல்லாருக்கும் டோக்கன் வாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

"தெரியாம இன்னா? இர்வது வர்சமா அப்டித்தாம்மா வந்துகினு கீறானுங்க. நீ ஒரு தபா கீய வந்து கேட்டிருந்தா சொல்லிருப்பேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

பதினேழு வரியையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஆறு வருடத்தில் அந்தக் கேட்டுக்கு வெளியே கூட்டத்துக்குள் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. டீசல் நாற்றம், வெயில், கத்தல். "அண்ணா, கொஞ்சம் கேளுங்க" என்று மூன்று தடவை சொன்னாள், யார் காதிலும் விழவில்லை. பிறகு அவளுக்கே தெரியாத ஒரு குரலில், "அவர் மேல தப்பில்ல! தப்பு நான் பண்ணேன்!" என்று கத்தினாள்.

கூட்டம் திரும்பியது.

"இந்த டோக்கன் எழுதுனது நான்தான். ஒரு போன்ல ரெண்டாவது வண்டி போட்டா, மொத வண்டிய அடிச்சிடற மாதிரி எழுதிட்டேன். நீங்க இப்படி ஒருத்தர அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியல. இவர் எல்லாருக்கும் போட்டிருக்காரு. பாருங்க, ஏழு பன்னெண்டுல ஆரம்பிச்சு, வரிசையா. இவர் வண்டி கடைசி."

தௌசீஃப் காகிதத்தை வாங்கினான். தன் வண்டி நம்பரை விரலால் தேடினான். ஏழு பதினான்கு, இரண்டாவது வரி. கடைசி வரி வரைக்கும் விரலைக் கொண்டுபோனான். "இன்னா வேல பண்ணிகீறம்மா நீ" என்றான், திட்டாகக்கூட இல்லை. காகிதத்தைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். சட்டையைப் பிடித்திருந்தவன் எப்போதோ கையை எடுத்திருந்தான். பதினாறு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "சரி வுடு வரதா, இன்னாவோ கம்ப்யூட்டர் பேஜாரு" என்று ஒருவன் அவர் தோளில் தட்டினான். வரதன் தலையாட்டினார், சிரித்ததுபோலக்கூட இருந்தது.

செங்கொடி மேலே ஓடி, பதினாறு டோக்கனையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே உயிர்ப்பித்தாள். தகவலைக் கையால் திருத்துவதற்கான திரையை ஜாங்கோவே ஆயத்தமாக வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினொன்றரைக்கு வரிசை நகர்ந்தது. வேதமாணிக்கம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குமுன் மட்டும் பெரிதாக என்ன பேசிவிட்டார்?

அந்த வாரமே விதியை மாற்றி எழுதினாள். ஒரே போனில் இருபது வண்டி வரைக்கும் எடுக்கலாம், எல்லாமே திரையில் வரிசையாகத் தெரியும், எது ரத்தானாலும் தமிழில் செய்தி போகும். குமாரவேலைக் கூட வைத்துக்கொண்டு சோதித்தாள். இப்போது கேட்காமல் எதையும் எழுதுவதில்லை. சர்வரில் ஏற்றிவிட்டு, முதல் வேலையாக வரதனைத் தேடிக்கொண்டு வரிசைக்குள் நடந்தாள். அவர் தன் வண்டி நிழலில் தனியாக உட்கார்ந்து பார்சல் இட்லி தின்றுகொண்டிருந்தார். நாலு வண்டி தள்ளி தௌசீஃப் தனியாக அடுப்பு மூட்டியிருந்தான்.

"அண்ணா, சரி பண்ணிட்டேன். இனிமே ஒரே போன்ல எல்லாருக்கும் போடலாம். உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு வந்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய போனை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். "நல்லா பண்ணிகீறம்மா" என்றார். "வேற யார்னா இருந்தா காட்டு. நான் என் வண்டிக்கு மட்டும் போட்டுக்கறேன்."

"அதான் அன்னிக்கே எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்களே அண்ணா. உங்க மேல தப்பில்லன்னு நம்பிட்டாங்களே."

"நம்பனானுங்க. நீ பேப்பர கொண்டாந்த, நம்பனானுங்க." வரதன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "பதினோரு வர்சம் கூட துன்னவன், புள்ள மேல சத்தியம் பண்ணேன். நம்பலியே."

செங்கொடி போனைப் பையில் வைத்துக்கொண்டாள். "சாப்பிடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேறு யாரும் அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கையில் எடுக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். இப்போது காலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு டிரைவரும் தன் வண்டியைவிட்டு இறங்கி, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, ஆளுக்கொரு மூலையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிஸ்டம் பிழையில்லாமல் ஓடுகிறது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது, வேதமாணிக்கம் அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. மென்பொருளில் எது எத்தனை தடவை பயன்பட்டது என்று திங்கட்கிழமை தோறும் அவளுக்கு ஒரு பட்டியல் வரும். ஒரே போனில் பல வண்டிக்கு டோக்கன் என்ற வரிக்கு நேரே ஒவ்வொரு வாரமும் பூஜ்யம். பயன்படாத எதையும் வைத்திருக்காதே, எடுத்துவிடு என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது, அவளும் கடைப்பிடிப்பது. எழுதியது மொத்தம் அறுபது வரி நிரல், எடுப்பது இரண்டு நிமிட வேலை. அதை மட்டும் அவள் எடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் பட்டியலில் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பாள்.